முப்பத்தெட்டு அடி ஷெட்

ஜனவரி 12

என் அக்கா பெற்ற தங்கமே, என் மருமகளே,

உன் மாமன் எழுதுகிறேன். இங்கு நான் நலம். என் உடம்புக்கு என்ன, இரும்பு. இரும்புக்காவது துரு பிடிக்கும், எனக்கு அதுவும் பிடிப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருங்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீ பாதியிலேயே "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரி வரை என்னிடம் மாட்டிக்கொண்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா கண்ணை மூடிய வாரம் நீ வந்திருந்தபோது, கொல்லைப் பக்கம் இடுப்பளவு புல்லில் நின்றுகொண்டு என்ன சொன்னாய்? "இன்னும் ரெண்டு வருஷம் மாமா, நான் திரும்பி வந்துடுவேன். இது பூரா தோட்டம் போடணும்." நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? தோட்டம் என்றால் மண்ணைக் கிளற வேண்டும். வீட்டில் இப்படி ஒரு எஞ்சினியர் மூளை இருக்கும்போது மண்வெட்டி எதற்கு? டிராக்டர் செய்கிறேன். வாங்கவில்லை, கவனி. செய்கிறேன்!

எஞ்சின், இடித்துப்போட்ட சினிமா தியேட்டரின் ஜெனரேட்டரில் இருந்தது. பழைய இரும்புக் கடைக்காரர், "இது செத்து ரொம்ப நாளாச்சுங்க" என்றார். நான் காதை வைத்துக் கேட்டேன், உள்ளே மூச்சு இருந்தது. பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்களைத் திருப்பும் தண்டு, மரத்தில் மோதிய ஒரு வேனுடையது. ஸ்டீயரிங், ஒரு பெரிய நீதிபதியின் காரில் இருந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பித்தவன் நான்தான், அதனால் பேச்சு இல்லை என்று ஆகிவிடுமா? உட்காருவதற்கு சலூன் நாற்காலி. ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம். உழுதுகொண்டே ஷேவ் செய்துகொள்ளலாம். டார்ச் பவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதை நான் அடக்கிக்கொள்வேன்.

எல்லாம் நம் பின் ஷெட்டில்தான் நடக்கிறது. "இது உன் இடம்டா, யார் வந்து கேக்கப் போறா" என்று உன் அம்மா எனக்கு விட்ட ஷெட். பாதி பட்டறை, பாதி என் கட்டில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது என்பார்கள். நான்தான் பள்ளிக்கூடத்தை அனுப்பினேன். இல்லாவிட்டால் இந்த டிராக்டர் உனக்குக் கிடைத்திருக்குமா?

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
செத்த எஞ்சினுக்கு உயிர் கொடுப்பவன்


பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். மாமா, அது டார்ச் இல்லை, டார்க், எஞ்சினின் முறுக்கு விசை.

நானும் கூட இருந்து ஒரு நட்டாவது முடுக்க வேண்டும் போல இருக்கிறது. வேலை விடுவதில்லை. ஆனால் ஒரு உதவி செய்ய முடியும். ஷெட்டின் நீளம், அகலம், கதவு அளவு எல்லாம் எழுதுங்கள். டிராக்டரை எங்கே நிறுத்தி எப்படித் திருப்புவது என்று கம்ப்யூட்டரில் படம் வரைந்து அனுப்புகிறேன். கூரை ஒழுகுகிறதா? கரன்ட் லைன் சரியாக இருக்கிறதா? வீட்டையும் ஒரு சுற்று சுற்றி, எங்கே விரிசல், எங்கே ஈரம் என்று எழுதுங்கள். இவர் கேட்கச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங் வைக்கும்போது கண்ணாடி போடுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 20

என் தங்க மருமகளே,

படித்தவள் படித்தவள்தான். டார்க் என்றால் இருட்டு. இருட்டை விரட்ட என்ன அடிப்போம்? டார்ச். அப்படியென்றால் நான் எழுதியதுதான் சரி.

நீ படம் வரைந்து தரப்போகிறாய் என்று தெருவில் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு டெய்லர் நம்பவில்லை. "உன் டிராக்டருக்கு வெளிநாட்டுல பிளான் போடறாங்களா? முதல்ல அது நிக்குமா பாரு" என்றார். பொறாமை. அவர் தைத்த சட்டைக்கு வெளியூரில் கூட யாரும் படம் போட்டதில்லை.

அளவு கேட்டாய். டேப் எங்கேயோ ஒளிந்துகொண்டது. என் கண் டேப்பைவிடச் சுத்தம். நீளம் முப்பத்தெட்டு அடி. அகலமும் தாராளம். உள்ளே நின்று கூப்பிட்டால் எதிரொலி வருகிறது, கல்யாண மண்டபம் மாதிரி. கூரையில் ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. கரன்ட் பிரமாதம். வீட்டில் விரிசல் என்று பார்த்தால் சமையலறைச் சுவரில் ஒரு முடி அளவு, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. உன் மாமன் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு விரிசல் வருமா?

வீட்டைப் பற்றி மாப்பிள்ளை கேட்டார் என்று படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்படியென்றால் வருவது நிச்சயம். சீக்கிரம் படத்தை அனுப்பு.

இப்படிக்கு,
உன் தாய்மாமன், முப்பத்தெட்டு அடிக்கு அதிபதி


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

அளவெல்லாம் கிடைத்தது, ரொம்ப உதவியாக இருந்தது. படம் வரைய இன்னும் நேரம் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சீக்கிரம் முடித்து, டிராக்டரை வெளியே கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். உள்ளேயே நின்றால் அதற்கு என்ன மரியாதை? ஷெட்டில் கிடக்கும் பழைய சாமான்களையும் கழித்துவிடுங்கள் மாமா. தூசியில் படுத்துப் படுத்து இருமல் வரும். காலியாக இருந்தால் உங்களுக்கும் காற்றோட்டமாக இருக்கும். எப்போது முடியும் என்று ஒரு தேதி மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 6

என் தங்கமே,

நீ ஒரு வார்த்தை சொல்லி நான் தட்டியிருக்கிறேனா? என் பழைய டிரில் ஸ்டாண்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு வைஸ், நான் சேர்த்துவைத்த கார்புரேட்டர்கள், எல்லாம் இரும்புக் கடைக்குப் போயாயிற்று. கடைக்காரரே, "என்னங்க, உயிரையே கொடுக்கறீங்க?" என்றார். "என் மருமக என் இருமலுக்காக அழறா, உனக்கு அப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். (நீ அழுததாக எழுதவில்லை. நான் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.)

எஞ்சின் பிடித்துவிட்டது! மூன்று தெரு நடுங்கியது. காகம் எல்லாம் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டன. டெய்லர் ஓடிவந்து பார்த்தார்.

"என்னய்யா இது, சலூனுக்கு சக்கரம் வெச்சிருக்கே?"

"உட்காரு, முடி வெட்டி விடறேன்."

"இதுல உட்கார்ந்தா தலையே போயிடும்" என்றார். ஆனால் உட்கார்ந்தார். இறங்க மனசே இல்லை அவருக்கு.

கியர் பெட்டி பூட்டியாயிற்று. பின் ஆக்ஸில் மட்டும்தான் பாக்கி. அதற்கு அவசரப்படக் கூடாது, நிதானமாகப் பார்த்துப் பூட்ட வேண்டும். அதனால்தான் தேதி எழுதவில்லை. நீ இங்கே வந்து நிற்கும் நாள்தான் தேதி. முதல் சால் உன் கையால். ஸ்டீயரிங்கை நீ பிடி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

படம் இன்னும் வரவில்லை. பரவாயில்லை. தபால்காரரைப் பார்க்கும்போது மட்டும் ஞாபகம் வருகிறது.

இப்படிக்கு,
உன் தாய்மாமன், காகங்களின் எமன்


ஏப்ரல் 19

மருமகளே,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

நேற்று ஒருவர் கதவைத் தட்டினார். கூட அவர் மனைவி. கையில் டேப். "சார், உள்ள வரலாமா? அளக்கணும்."

"எங்க மருமக அனுப்பினாளா?"

"ஆமாங்க, அவங்கதான்."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தோட்டம் அளக்க ஆள் அனுப்பியிருக்கிறாய் என்று. டீ போட்டுக் கொடுத்தேன். டிராக்டரைக் காட்டினேன். அந்த அம்மாவை சலூன் நாற்காலியில் உட்காரவைத்து ஏற்றி இறக்கிக் காட்டினேன். நல்ல மனிதர்கள், சிரித்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இதை எப்போ எடுப்பீங்க?" என்று அவர் கேட்டார்.

"எங்க எடுக்கறது? இங்கதான் ஓடப் போகுது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் ஷெட்டை அளந்தார். அளந்துவிட்டு மறுபடி அளந்தார். டேப்பின் ஒரு முனையை என்னையே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"ஏங்க, முப்பத்தெட்டு அடின்னு சொன்னாங்களே. இருபத்திரண்டுதான் வருது."

"யார் சொன்னது?"

"வீட்டுக்காரம்மாதான். விலை பேசும்போது சொன்னாங்க. வண்டி ரெண்டு நிறுத்தலாம்னுதான் நாங்களே ஒத்துக்கிட்டோம்."

அந்த முப்பத்தெட்டு எங்கேயும் இல்லை, கண்ணு. சுவரில் இல்லை, பத்திரத்தில் இல்லை, உன் அம்மாவுக்கே தெரியாது. டேப் தேடச் சோம்பல்பட்டு, கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும் என்று நான் உனக்கு மட்டும் எழுதினது. வேறு யாரிடமும், டெய்லரிடம் கூட, நான் அதைச் சொன்னதில்லை. அவர் வந்து பார்த்த ஷெட், சொன்னால் சிரிப்பார். அது எப்படி அந்த மனிதர் வாயில் வந்தது?

யாரோ உன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு வரி எழுது. போதும். அந்த ஆள் அடுத்த முறை வந்தால் தெருமுனை வரை துரத்துகிறேன், என்னால் முடியும். இல்லை, மாப்பிள்ளை உன்னைக் கேட்காமல் செய்துவிட்டார் என்று எழுது. அதையும் நம்புகிறேன். ஏதாவது ஒன்று எழுது.

படம் வரையத்தான் அளவு கேட்டாய், இல்லையா?

மாமன்


மே 5

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லலாம் என்று உட்காருவேன். நீங்கள் டிராக்டர், தோட்டம் என்று எழுதியிருப்பீர்கள், கை வராது. டிராக்டர் முடிந்தால் அது எப்படியும் வெளியே வர வேண்டும், அப்போது மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார். அதனால்தான் சீக்கிரம் முடியுங்கள் என்று எழுதினேன். தப்புதான்.

நாங்கள் இங்கேயே வீடு வாங்குகிறோம், மாமா. திரும்பி வருவது இனி நடக்காது. அன்று புல்லில் நின்று சொன்னது அந்த நேரத்து மனசு. அதை நீங்கள் இவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை.

இந்த மாசக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். உங்களுக்காக ஒரு இடம் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், டாக்டர் வருகிறார். பின்னால் தோட்டம் கூட இருக்கிறது. உங்கள் டிராக்டரை அங்கே ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன், பார்க்கிறோம் என்றார்கள்.

ஒன்று மட்டும் மாமா. ஏன் முப்பத்தெட்டு என்று எழுதினீர்கள்? வாங்குகிறவர்கள் எங்கள் மேல் கோபமாக இருக்கிறார்கள். பொய் சொல்லி விற்கிறோம் என்று இவரிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு எவ்வளவு அவமானம் என்று நீங்கள் யோசிக்கவில்லை.

என் மேல் வருத்தம் வேண்டாம். பதில் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மே 30

வீட்டுக்காரம்மா அவர்களுக்கு,

சாவி எதிர்வீட்டு டெய்லரிடம் இருக்கிறது. ஷெட் காலி. கட்டிலைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கூரை வடக்கு மூலையில் ஒழுகும். சமையலறை விரிசலில் விரல் நுழையும். இரண்டையும் வாங்குகிறவரிடம் நேரில் காட்டிவிட்டேன். அதனால் உங்களுக்கு மறுபடி அவமானம் வராது.

நீங்கள் பார்த்திருக்கும் இடத்துக்கு நான் போகவில்லை. அவர்களுக்குச் சொல்லிவிடவும். ஓரத்தில் இடம் ஒதுக்கியிருந்தால் வேறு யாருக்காவது ஆகட்டும்.

டிராக்டர் ஓடியது. நீங்கள் தேதி கேட்டிருந்தீர்கள் அல்லவா, தேதி இன்றுதான். மாசக் கடைசிக்குள் வெளியே எடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில் பின் ஆக்ஸிலைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறேன். கியர் போட்டபோதுதான் தெரிந்தது. முன்னால் போகிற கியர் எல்லாம் பின்னால் போகிறது. பின்னால் போகிற ஒன்றுதான் முன்னால் போகிறது, அதுவும் பல் தேய்ந்து வழுக்குகிறது. பிரித்துத் திருப்பிப் பூட்ட ஒரு வாரமும் ஒரு கூரையும் வேண்டும். இரண்டும் என்னிடம் இல்லை.

பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனேன். ஷெட்டிலிருந்து சந்து வழியாக, கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவுக்கு. கேட்டை டெய்லர் திரும்ப மாட்டிவிட்டார். அவர் கூடவே நடந்து வந்து, "இடது, இடது, அப்படியே நேரா" என்று சொன்னார். சிரிக்கவில்லை. தெரு பாதி தாண்டியதும், "யோவ், கொஞ்சம் போற பக்கம் திரும்பிப் பாருய்யா" என்றார்.

"ஸ்டீயரிங் இந்தப் பக்கம்தானே இருக்கு" என்றேன்.

தெருமுனை வரைக்கும் வீடு என் முகத்துக்கு நேராகவே இருந்தது. மாடியில் ஒரு ஜன்னலைச் சாத்த மறந்திருக்கிறேன். அங்கிருந்தே தெரிந்தது. போய்ச் சாத்தவில்லை.

பார்த்தது இரண்டு பேர். டெய்லரும், சிலிண்டர் போட வந்தவரும்.

கொல்லைப் பக்கம் உழவில்லை. புல் அப்படியே இருக்கிறது.

இந்த விலாசத்துக்கு இனி எனக்கு எழுத வேண்டாம், புதிதாக வருகிறவர்கள் பிரிக்கும்படி ஆகும். வேறு விலாசம் இருக்கிறது. இதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
பின் ஷெட்டில் இருந்தவன்