விஸ்தினின் முயல்களுக்கு ஆளி விதை

இம்ஜார், மால்டா
மே மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள விஸ்தினுக்கு,

மாதா உங்களைக் காக்கட்டும். நான் நலம், முயல்கள் நலம், உங்கள் புத்திதான் நலமா என்று தெரியவில்லை. போனில் உங்கள் உடம்பைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே, "கேக்கல, கேக்கல, கடல்ல சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

நேற்று நினு வந்திருந்தார். அடுத்த மாதம் இம்நார்யா திருவிழாவுக்கு அவருடைய உணவகத்துக்கு நம் முயல்தானே போகும்? ஒன்றை அறுத்துக் காட்டினேன். வழக்கம்போல முதலில் அது முயல் கிட்னிதானா என்று பார்த்தார். முயல் என்று சொல்லி யாரும் பூனையைத் தலையில் கட்டிவிடக் கூடாதே! பிறகு அதைச் சுற்றியிருந்த கொழுப்பைக் கட்டை விரலால் அழுத்தினார். வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டியது கொழகொழவென்று விரலில் ஒட்டியது. ஒரு துண்டை வாணலியில் போட்டதும் அடுப்படியெல்லாம் மீன் வாடை. "ஏம்மா ஜூடித்தா, இது தோட்டத்துல மேஞ்சுதா, கடல்ல நீந்துச்சா?" என்று கேட்டார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

எல்லாம் உங்கள் ஆளி விதையால் வந்த வினை. போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அப்போது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உங்கள் சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார். நீங்கள் முயலின் சாப்பாட்டை மாற்றிவிட்டீர்கள்! ஆளி விதை தின்றால் முயல் கொழுப்பே இதயத்துக்கு மருந்தாகிவிடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தீவனத்தில் கைநிறையக் கலக்கச் சொல்லிக் கப்பல் ஏறிவிட்டீர்கள். நானும் ஒரு வேளை தவறாமல் கலந்தேன்.

இன்று பூசை முடிந்ததும் டாக்டரையே பிடித்துக் கேட்டேன். நீங்கள் படித்தது பொய்யில்லையாம். முயல் தின்பதுதான் அதன் கொழுப்பில் வந்து சேருமாம். ஆளி விதை தின்றால் நல்ல கொழுப்பு கூடுமாம். ஆனால் அளவு மீறினால் இளகிப்போய், சீக்கிரம் வாடை அடிக்குமாம். "அதெல்லாம் சரிம்மா, அவரு அதைப் பன்றிக் கொழுப்புலதானே பொரிச்சுச் சாப்பிடுறாரு?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "மாத்திரையாவது ஒழுங்கா போடுறாரா?" என்று அடுத்துக் கேட்டார். போடுகிறார் என்றேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் அலமாரியைத் திறந்தால், கம்பளிச் சட்டைக்கு அடியில் மாத்திரைப் பெட்டிகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. உங்களை என்னதான் செய்வது, விஸ்தின்? முயலுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு நீங்கள் சும்மா இருந்திருக்கிறீர்கள்!

முயல்களைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆளி விதையை நிறுத்திவிட்டுப் பழைய தீவனமும் குதிரை மசால் தழையும் போடுகிறேன். திருவிழாவுக்குள் கொழுப்பு இறுகிவிடும், மறுபடி வந்து பார்க்கிறேன் என்று நினு சொல்லியிருக்கிறார். இறுகாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

மாத்திரைகளை இந்தக் கடிதத்தோடு ஒரே பொட்டலத்தில் வைத்து அனுப்புகிறேன். ஜெனோவா துறைமுகத்தில் கைக்கு வந்ததும், என்னைத் திட்டிக்கொண்டாவது ஒன்றை விழுங்குங்கள். நெஞ்சு வலித்தால் மறைக்காமல் கப்பலை விட்டு இறங்கி வாருங்கள். உங்களுக்கு முன்னால் நான் போக வேண்டும் என்று மாதாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அதையும் கெடுத்துவிடாதீர்கள்.

உங்கள்,
ஜூடித்தா