பின்படியில் நான், முன்படியில் நீ

மார்ச் 4

பெரியவளின் அம்மாவுக்கு,

நலம். நீயும் உன் முழங்காலும் நலமா?

பட்டறையைத் திறந்துவிட்டேன். எரிந்துபோன மோட்டார்கள் வாசலிலேயே கிடந்தன. யாரிடமும் கற்காமல் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டியவன் சமையலையும் கற்றுக்கொள்வேன் என்று பார்த்தால், வீடெல்லாம் அடிப்பிடித்த வாடை.

உன் தங்கை வீட்டுக்குச் சேர்ந்துதான் போனோம்; நீ மட்டும் இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாய். மாதம் ஆகப்போகிறது. "வீட்டம்மாவ அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் பல்லைக் காட்டுகிறார்.

எதற்கு இந்தக் கோபம்? யானை விலை சொல்லும் ஊர் அது. தினமும் அன்றைக்கு மட்டும் செல்லும் பஸ் பாஸ் ஒன்றை வாங்கி, அதிலேயே நாம் இருவரும் சுற்ற வழி கண்டுபிடித்தது நான். காலையில் நான் ஓர் இடம் பார்த்துவிட்டு வருவேன். நிறுத்தத்தில் பின்படியில் நான் இறங்கிப் பாஸைக் கொடுக்க, முன்படியில் நீ ஏறுவாய். நாலு நாள் ஒரு குறையும் இல்லை. "அண்ணே, காரு சும்மாதான் நிக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று சகலை தானம் செய்வதை வாங்குவதைவிட இது கௌரவம்.

ஐந்தாம் நாள் பரிசோதகர் ஏறியது உன் நேரம். நான் அருகில் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

உடனே கிளம்பு.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

என்னங்க,

கடிதம் வந்தது. முழங்கால் படி ஏறும்போது மட்டும் திட்டுகிறது. அடுப்பைச் சின்னதாக வையுங்கள், அடிப்பிடிக்காது. நீலச் சட்டையைத் தனியாக ஊறப்போடுங்கள்.

நீங்கள் அருகில்தான் இருந்தீர்கள்.

பாஸில் 'ஆண்' என்று போட்டிருந்ததைக் காட்டி, "யாரோடதும்மா இது?" என்று அவர் கேட்டபோது பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். அப்புறம் திரும்பி, பஸ் எண் பலகையைப் படிக்கத் தொடங்கினீர்கள். முதல் நாளே நீங்கள் மனப்பாடம் செய்த பலகை அது. "கீழ கிடந்துச்சுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

தங்கை வந்து அபராதம் கட்டிக் கூட்டிப் போனாள். சாப்பாட்டு மேசையில் நீங்கள், "என் பாஸ் என்கிட்ட பத்திரமா இருக்கு" என்றீர்கள்.

இப்போது நான் வெளியே கிளம்பினால் அவள் வீட்டுக்காரர், "அக்கா, ரோட்ட நல்லாப் பாத்துட்டே போங்க, இன்னொண்ணு கிடைக்கும்" என்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன்.

பாஸ் உங்களுடையது என்று அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். வருகிறேன்.

உங்கள் மனைவி

மார்ச் 16

பெரியவளின் அம்மாவுக்கு,

வேறு எது வேண்டுமானாலும் கேள். அந்த மனிதரிடம் மட்டும் முடியாது. உன் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றே என் கையிலிருந்த வார்னிஷ் கறையைப் பார்த்து முகம் சுளித்தவர் அவர். வராவிட்டால் போ.

வீட்டுக்காரன்

ஏப்ரல் 9

சகலை அவர்களுக்கு,

வணக்கம். அவளிடமிருந்து பதில் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பாஸ் என்னுடையது. அவள் எதையும் தெருவில் பொறுக்கவில்லை. ஒரே பாஸில் மாறி மாறிப் போகலாம் என்றது நான். உங்களிடம் மறைக்கச் சொன்னதும் நான். பரிசோதகர் அவளைக் கேட்டபோது நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பழியை வாங்கிக்கொண்டாள். இந்தப் பட்டறையில் நான் யாருக்கும் முகத்தைத் திருப்பியவன் இல்லை. அன்று என் மனைவிக்குத் திருப்பினேன்.

எல்லோரும் சாப்பிட உட்காரும்போது இதை உரக்கப் படியுங்கள். பிள்ளைகளும் இருக்கட்டும். சிரிப்பதென்றால் இனி என்னைச் சொல்லிச் சிரியுங்கள்.

கார் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. அவளை அதில் கொண்டுவந்து விட வேண்டாம். இத்துடன் பஸ் டிக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். அவள் பெயருக்கு எடுத்தது. எந்த நாளும் செல்லும். வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

உங்கள் ஊரிலிருந்து சாயங்கால பஸ் இங்கே வரும்போது தினமும் நிறுத்தத்துக்குப் போகிறேன். முன்படிக்கு நேராகத்தான் நிற்கிறேன். இதை மட்டும் அவளிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகலை