தீனி நிறுத்திய கோழி

அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே.

முதலாளி வீட்டுக் கொல்லையில் கோழிகள் நன்றாகத் தேறிவிட்டன. வளர்ப்பதும் நான்தான், அறுத்துச் சுத்தம் செய்வதும் நான்தான். அறுக்கப்போகிற கோழியை முதல் நாளே தனிக் கூண்டில் போட்டு, தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைப்போம். தெரியாமல் எதையாவது கொத்தித் தின்றுவிட்டால் அன்றைக்கு அதன்மேல் கத்தி வைக்கமாட்டோம்.

முதலாளிக்கு என்மேல் திடீர்க் கரிசனம். அவர் தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து எனக்குப் பாலும் முட்டையுமாக ஒரே உபசாரம்தான், போ. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இன்று மாடியில் தனி அறை கொடுத்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி போறோம். சும்மா ஒரு செக்கப்தான். ராத்திரி எதுவும் சாப்பிடாத, தண்ணி மட்டும் குடி" என்றார்.

நீ கவலைப்படாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் மாமாவை முதலாளி வீட்டுக்குப் போன் பண்ணி என்னைக் கேட்கச் சொல். நான் வந்து பேசும்வரை விடாமல் அடிக்கச் சொல்.

சமையல்கார அக்கா அவசரப்படுத்துகிறார். இதைத் தபாலில் சேர்க்கப்போவது அவர்தான். எனக்காக இரண்டு பன்னும் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார். காலையில் காரில் ஏறுவதற்கு முன்னால் இரண்டையும் தின்றுவிடுவேன்.

உன் சின்னவன்