31809599 பகா எண் இல்லை

ஹுவாலியன், தைவான்,
வியாழன் மாலை

என் செல்லக் கழுதைக்கு,

நீதான் ஜெயித்தாய்.

மலையேறப் போனபோது அடிவாரக் கடையில் சோற்றுருண்டை வாங்கிய ரசீதைப் படமெடுத்து அனுப்பினாயே, அதன் எண்ணைத்தான் சொல்கிறேன். ஊரே ரசீது எண்ணுக்கு அரசாங்கக் குலுக்கலில் பரிசு விழுந்ததா என்று பார்க்கும். நாம் இருவர் மட்டும் அது எதனால் வகுபடும் என்று அடித்துக்கொள்வோம். அன்று நம் கடையில் சோயாப்பால் ஊற்றிக்கொண்டே, கால்குலேட்டரில் ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தேன். வர்க்கமூலம் வரை, அதாவது 5640 வரை பார்த்தால் போதும். 5591 வந்ததும் அலுத்துப்போய், இது பகா எண்தான் என்று உனக்குப் போன் செய்தேன்.

"முழுசா பாத்தியாம்மா? நீ எப்பவும் கடைசில விட்டுடுவ," என்று சிரித்தாய். "இரு, இறங்கி வந்து சொல்றேன்."

நீ இறங்கி வரவில்லை.

ஒன்பதாம் நாள் மீட்புக்குழுத் தலைவர் ஒரு தாளை நீட்டினார். "ரெண்டாவது ஓடை வரைக்கும் தேடிட்டோம் அக்கா. மேல எல்லாம் மண் சரிஞ்சு கெடக்கு. நிறுத்திக்கலாம்." எல்லோரும் களைத்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று விட்ட இடத்திலிருந்து வகுத்தேன். 5623, மிச்சம் வந்தது. 5639, மிச்சமே இல்லை. இன்னும் இரண்டே இரண்டு எண்கள்தான் பாக்கி இருந்திருக்கின்றன, கண்ணு.

கடையைப் பூட்டிவிட்டேன். உன் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டேன், அங்கே குளிரும். நாளை முதல் பேருந்தில் வருகிறேன். இரண்டாவது ஓடைக்கு மேலே இன்னும் பார்க்கவில்லை.

உன் அம்மா