ஒரே தூரில் பிரித்த செடி

8 ஜூலை 1984, ஞாயிறு.

மேட்டில் உள்ள ஏலச்செடிகளை நாளை பிடுங்கி எரிக்கப் போவதாக அண்ணன் சொல்லிவிட்டார். மலையிலிருந்து இறங்கியதிலிருந்து அதே நினைப்புத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரே தூரைத்தான் பிரித்து நட்டோம். பாதி ஓடையோர நிழலில், பாதி நிழல்மரம் சாய்ந்துபோன மேட்டில். ஓடைச் செடி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. மேட்டுச் செடி இடுப்பளவுதான், காய்க்கவே இல்லை.

"ஜாதி கெட்டுப்போச்சு ஆத்தா. இதுல கண்ணு எடுத்து எங்க நட்டாலும் இப்படித்தான் நிக்கும்."

"ஒரே தூருதானண்ணே? ஜாதி எப்படி ரெண்டாகும்?"

"நீ காலேசுல பாடம் நடத்து. தோட்டத்துச் சோலிய நான் பாத்துக்கிறேன்."

நடத்துகிறேன்தான். போன வாரம் மதுரையில் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தேன். மரபணு கெடாமலே வேலையை நிறுத்திவிடுமாம். மீதைல் என்ற வேதித்துணுக்கு அதன்மேல் ஒட்டி வாயை அடைத்துவிடுகிறது. செல் பிரியும்போது அந்த அடைப்பும் புதுச் செல்லுக்குக் கூடவே போகிறதாம்.

அப்படிப் பார்த்தால் அண்ணன் சொல்வதும் நடக்கலாம். கன்று நிழலுக்கு வந்தும் குட்டையாகவே நிற்கலாம். தழைத்தும் வரலாம். எனக்குத் தெரியாது. எரித்துவிட்டால் யாருக்குமே தெரியாது.

நாளை கல்லூரிக்கு லீவு. நாலு கன்றையாவது ஓடையோரம் கொண்டுபோய் நடப் போகிறேன். தழைக்காவிட்டால் அதுவும் ஒரு விடைதான்.

ஜீப்பு சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அண்ணன் என்னை எழுப்பாமல் மலையேற முடியாது.