அம்மைப் பொருக்கு குறித்து வெண்குன்றத்து அரசன் விடுத்த ஓலை

மலையும் மழையும் காக்க. வெண்குன்ற நாடு ஆளும் ஏறங்கோ, நம் மைத்துனரும் நீர்த்துறை நாட்டு வேந்தருமான இளம்பூதருக்கு விடுக்கும் ஓலை. உமது குளங்கள் நிறைக. உமது தொட்டில்கள் நிறைக. அவை நிறைந்தே இருக்கின்றன என்று ஒற்றர் வந்து சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து நமக்கு உறக்கமில்லை.

அம்மை கண்டவரின் உலர்ந்த பொருக்கைப் பொடித்து, நலமுள்ள பிள்ளைகளின் கையில் கீறி வைத்து, சிறு காய்ச்சலோடு பெருநோயைத் தடுக்கும் கலையை உம் மருத்துவச்சி பூங்கண்ணி கண்டறிந்தாராம். அந்த அம்மையார் நம் நாட்டில் பிறந்திருக்கக் கூடாதா? இக்கோடையில் நம் மைந்தர் இருவரையும் அம்மைக்குப் பறிகொடுத்தோம். உம் பிள்ளைகள் முற்றத்தில் ஓடியாடுகிறார்கள் என்று கேட்கையில் வயிறு எரிகிறது, மறைப்பானேன்?

பொருக்கு கேட்டு வந்த நம் தூதரிடம், பிள்ளையைக் காக்கும் பொருளே ஊரை அழிக்கும் படைக்கலமும் ஆகுமாதலால் அயலார் கையில் தருவதற்கில்லை என்றீராம். நம் தளபதி வல்லங்கிழாரும் உம்மிடம் அதையே அஞ்சினார். அறுவடை நாளில் நாம் இருவரும் போர்த்திய போர்வையை மாற்றிக்கொள்வது வழக்கமன்றோ? இவ்வாண்டு உமது போர்வை நோயேற்றி வந்திருக்குமென்று கோட்டை வாயிலிலேயே தடுத்து, வேப்பம்புகை போட்டார். பதிலுக்கு நோயாளியின் போர்வையை உமக்கு விடுக்கலாமென்றும் சொன்னார். அதனாலும் உம் மக்களுக்கு ஒன்றும் ஆகாதே என்று எண்ணியபோது, அடடா, நம் எரிச்சல் இரட்டித்தது!

அவ்வேளையில் நம் ஒரே மகள் செங்கோதை உமது போர்வையை எடுத்துத் தன் தோளில் போர்த்திக்கொண்டு, இந்நாட்டைப் பிடித்திருக்கும் நோய் தந்தையாரின் பொறாமையே என்று அவைநடுவே கூறினாள். நமக்கோ உயிரே போய்விட்டது. பல நாள் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம், காய்ச்சல் வரவில்லை. நீர் வஞ்சிக்கவில்லை என்று அறிந்தோம்.

ஆகவே இனிப் பொருக்கைக் கேளோம். செங்கோதையையே அனுப்புகிறோம். பூங்கண்ணியார் அவள் கையில் கீறி வைக்கட்டும். பிழைத்து எழுந்தால், அவரிடமே அக்கலையைக் கற்று, நம் நாட்டுப் பிள்ளைகளுக்குத் தன் கையால் வைக்கட்டும். கற்கும் காலமெல்லாம் அவள் உம்மிடம் பிணை. நாம் வஞ்சம் நினைத்தால் நம் மகள் உம் கையில். பொறாமை தணிந்ததென்று மட்டும் எண்ண வேண்டா. இனி அவளை நாள்தோறும் காணப்போகிறவர் நீர்.

கீறலால் அவள் இறந்துபோனாலும் நம் படையில் ஒருவரும் உமது எல்லையை மிதிக்கலாகாது என்று வல்லங்கிழாருக்கு ஆணையிட்டு, அவர் கண்முன்னே இவ்வோலைக்கு முத்திரை வைத்தோம்.