மவுஸில் ஒரு கோளாறும் இல்லை

இன்று எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தவர்கள் என் மவுஸையும் விடவில்லை. சந்தன வாசனை பட்டதும் உன் நினைவு வந்துவிட்டதடி. தனியாகப் போய் அழுதுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சுரங்க ஆபீஸ். அங்கே இருந்த ஒரே யுனிக்ஸ் கம்ப்யூட்டரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வரைபடம் போடுவது உன் வேலை. நான் பக்கத்து மேசையில் டைப்பிஸ்ட். ஜெயங்கொண்டம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாப்பாட்டுக் கூடையை என்னிடம் தள்ளிவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவாய். பெற்ற பிள்ளையைப் போல அதைக் கொஞ்சுவாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அந்த வருடம் பூஜை முடிந்த சில நாளில் திரையில் அம்புக்குறி நடுங்க ஆரம்பித்தது. கோடு இழுத்தால் புழு மாதிரி நெளிந்தது.

"எல்லாம் உன்னாலதான்டி. மவுசுக்குப் போயி யாராவது சந்தனம் அப்புவாங்களா?" என்று என்னைத் திட்டினாய்.

மவுஸைக் கவிழ்த்து உள்ளே இருந்த உருண்டையைக் கழற்றினோம். சந்தனமும் சிமென்ட் தூசும் ஒட்டியிருந்ததை ஹேர்பின்னால் சுரண்டினோம். நடுக்கம் நிற்கவில்லை. என்ன வகை மவுஸ், எந்த இணைப்பில் செருகியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஃபைலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாய். எல்லாம் சரியாகவே இருந்தது. அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்தாய். கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது. "பாத்தியா, செட்டிங்தான்!" என்று என்ன ஒரு சிரிப்பு உனக்கு. மறுநாளே பழைய கதைதான். இன்ஜினியர் சார் சலித்துப்போய்ப் புது மவுஸ் வரவழைத்தார். அதுவும் நடுங்கியது.

நீ தண்ணீர் குடிக்க எழுந்தபோது நான் சும்மா அதைப் பிடித்து ஒரு கோடு இழுத்தேன். ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல நேராக வந்தது. பின்னால் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னொரு தடவ இழு," என்றாய். அதுவும் நேராக வந்தது. "நவுருடி" என்று நீ உட்கார்ந்து இழுத்தாய். நெளிந்தது. இருவரும் திரையை விட்டுவிட்டு உன் வலது கையைப் பார்த்தோம்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லடி," என்றாய். "சார்கிட்ட சொல்லிராத. இத விட்டு என்னைய எடுத்துட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லவில்லை. அன்றிலிருந்து நீ கட்டளைகளைத் தட்டினாய், நான் மவுஸைப் பிடித்தேன். "கொஞ்சம் மேல, போதும், விடு" என்று நீ சொல்லச் சொல்லச் சுரங்கம் திரையில் வந்தது. பிறகு கீபோர்டும் உன் விரல்களுக்கு அடங்கவில்லை. திருச்சி டாக்டர் நரம்பு வியாதி என்றார். வேலையை விட்டாய்.

கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது பேச்சும் குழறியது. "இப்ப அதுல யாரு உக்காருறா?" என்று கேட்டாய். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. உனக்குப் புரிந்துவிட்டது. "நல்லா பாத்துக்க," என்றாய். அடுத்த மாதமே போய்விட்டாய்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆபீஸுக்குப் புதிதாக வந்த பெண்கள், "அக்கா, மவுஸ் ஆடுது, வந்து பாருங்க," என்று கூப்பிடுகிறார்கள். செட்டிங் இருக்கட்டும் என்று நான் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன். கை ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது.